பணிதலும் பணித்தலும்: பல்கலைக்கழகச் சமூகத்தில் மாண்பு பற்றிய ஒரு நோக்கு

மனிதர் கூடிவாழும் அமைப்புக்கள் பலவற்றுள் பல்கலைக்கழகம் தனித்தன்மை வாய்ந்தது. குடும்பத்தை இரத்த உறவு பிணைக்கிறது. சந்தையைக் கொடுக்கல் வாங்கல் பிணைக்கிறது. படையைக் கட்டளை பிணைக்கிறது. பல்கலைக்கழகத்தைப் பிணைத்து நிற்பது அறிவை நாடும் வேட்கை ஒன்றே. ஆயினும் அறிவை நாடுவோர் யாவரும் ஒரே படியில் நிற்பவரல்லர். பேராசிரியர், விரிவுரையாளர், மூத்த மாணவர், புதுமுக மாணவர், நூலக உதவியாளர், விடுதிச் சமையலாளர் எனப் படிகள் பல. சிலர் முன்னரே கற்றவர். சிலர் இனிமேல்தான் கற்கப் புகுபவர். இவ்வேற்றத்தாழ்வை முற்றாக நீக்கிவிட்டால் கற்பித்தல் என்னும் தொழிலே இல்லாது போகும். ஆதலின் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கவியல் வினா பிற அமைப்புக்களின் வினாவினும் கடினமானது. அறிவாலும் ஆண்டாலும் பதவியாலும் சமமற்றவர்கள் மனிதர் என்ற வகையில் சமமாக வாழ்வது எங்ஙனம் என்பதே அவ்வினா.

விடை காணுமுன் இரு சொற்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். ஒன்று மரியாதை, மற்றது மாண்பு. மரியாதை என்னும் வடசொல்லின் பொருள் எல்லை அல்லது வரம்பு என்பதாகும். ஒருவரிடத்து எவ்வெல்லையைத் தாண்டலாகாது என்பதைக் குறித்த அச்சொல், காலப்போக்கில், கீழிருப்போர் மேலிருப்போருக்குச் செலுத்தும் ஒன்றையே பெரும்பாலும் குறிப்பதாயிற்று. கோயிலில் முதல் மரியாதை ஒருவருக்கே உரியது. எல்லோருக்கும் கிடைக்குமாயின் அது முதல் மரியாதை ஆகாது. பங்கிடப் பங்கிடக் குறைவது அது. மாண்போ அத்தகையதன்று. செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் விலையையும் மாண்பையும் பிரித்துக் காட்டினார். விலையுடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். எதற்கு ஈடே இல்லையோ அதுவே மாண்புடையது என்பது அவர் கருத்து. மாண்பு ஒருவர் ஈட்டிக்கொள்வதன்று, பிறப்போடு வருவது. ஆதலால் ஒருவருக்கு அதனை அளிப்பதால் மற்றொருவருக்கு அது குறைவதில்லை.

பல்கலைக்கழகங்களில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மாண்புக்கே.

வடதிசைப் பாதை

மாண்பு என்னும் சொல்லை அண்மைக் காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பொதுவாழ்வில் உரக்க ஒலிக்கச் செய்தவர்கள் கல்விமான்கள் மட்டுமல்லர். மலையக மக்களும் ஆவர். 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு தம் வரலாற்றின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த அவர்கள், 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொண்டனர். அதனை ஒழுங்கு செய்த கூட்டிணைவு ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரைத் தாங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அமைச்சருக்குச் சூட்டப்படும் அடைமொழியைக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் பால் வெட்டும் கைகளுக்கும் சூட்டியமை வெறும் சொல்லலங்காரமன்று. அஃது ஓர் ஒழுக்கவியல் கூற்று.

அந்நடைபயணம் மாத்தளையில் முடிவுற்றமைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் பலர். வந்து சேர்ந்தவர்களுக்குக் காத்திருந்தது ‘துண்டு’. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்வதாயின் அவர்கள் தலைமீதுள்ள கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்படும். புதிய தோட்டம் அக்கடனை ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் அங்கே செல்லலாம். ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் கடன் மாறாது. கான்ற் கூறிய விலைக்கும் மாண்புக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. மனிதரை விலையாக எழுதிய காகிதம் அது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

காகிதம் ஒழிந்தது, மனப்பாங்கு ஒழியவில்லை. 1948 நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. ஒரு மாதம் முடியுமுன், அதே ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள், மனிதர் யாவரும் மாண்பிலும் உரிமைகளிலும் சமமானவர் என ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. உலகம் ஒன்றைக் கூற, ஊர் மற்றொன்றைச் செய்தது. இறுதியாக எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறிற்று.

இவ்வரலாற்றைப் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில் நினைவுகூர்வது ஏன்? பேராதனைச் சந்தியிலிருந்து கண்டி வழியாக மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. அவ்விருப்புப்பாதையின் ஒரு முனையில் தோட்டங்கள். மறுமுனையில், 1952 முதல், பல்கலைக்கழகம். எல்கடுவ, இரத்தோட்டைப் பகுதிகளின் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து புறப்படும் பிள்ளை, பெரும்பாலும் தன் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கும் முதல் ஆளாகவே இருக்கும். அப்பிள்ளையின் கையிலுள்ள அனுமதிக் கடிதம், துண்டுக்கு நேர்மாறான ஒரு காகிதம். முன்னது கடனை எழுதிற்று. பின்னது தகுதியை எழுதுகிறது. அக்கடிதத்தோடு வந்து நிற்கும் பிள்ளையைப் பல்கலைக்கழகம் முதல் வாரத்தில் எவ்வாறு வரவேற்கிறது என்பதே இங்கு எழும் வினா.

பகிடியும் வதையும்

புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் வழக்கத்தைத் தமிழர் ‘பகிடிவதை’ என்பர்; சிங்களத்தில் அதனை ‘நவக வதய’, அதாவது புதியவர் வதை, என்பர். சிங்களச் சொல் வதைக்கப்படுபவரைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொல் வதைப்பவர் கூறும் சாட்டைச் சுட்டுகிறது. செய்பவருக்குப் பகிடி, படுபவருக்கு வதை. ஒரே செயலுக்கு இரு பொருள் கற்பிக்கப்படுமிடத்து எப்பொருளை ஏற்பது என்ற ஐயம் எழலாம். துன்பத்தின் அளவைத் துன்புறுபவரே அறிவர் என்பதே அதற்கு விடை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இவ்வதையின் வரலாறு நீண்டது. 1975 இல் பேராதனை வளாகத்தில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி நடமாடும் ஆற்றலை இழந்தாள். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடப் புதுமுக மாணவர் ஒருவர், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டதன் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்து உயிர்நீத்தார். அதற்கு முந்திய ஆண்டு தமிழ்நாட்டிலே, அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்டார். அதன் விளைவாகத் தமிழ்நாடு பகிடிவதையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில், பகிடிவதைக்கு எதிராக இயங்கிய மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். வதைக்கப்பட்டவர் மட்டுமன்றி, வதை வேண்டாம் என்றவரும் உயிரிழந்தார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இவை செய்தித்தாளில் இடம்பெற்ற இழப்புக்கள். இடம்பெறாதவை எண்ணிறந்தன. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒரு சொல் எந்தச் சட்டத்திலும் காயமாகக் கணிக்கப்படுவதில்லை. ஆனால் பேச்சுத்தமிழின் சாயலைக் கொண்டு ஒருவரின் பிறப்பிடத்தைக் கண்டறிந்து நகைக்கும் சொல், அம்மாணவரை விரிவுரை மண்டபத்தில் மூன்று ஆண்டுகள் வாய்திறவாது இருத்திவிடக்கூடும். ஐயத்தை வினவ அஞ்சும் மாணவர் கற்கவும் இயலாதவராகிறார். இழிவு உள்ளத்தை வருத்துவதோடு நில்லாது அறிவின் வாயிலையும் அடைக்கிறது. இக்கொடுமை பல சமயங்களில் ஒரே மொழி பேசுவோரிடையே நிகழ்வது என்பதும் நோக்கற்பாலது. அயலாரிடம் நீதி கேட்கும் சமூகம் தன்னுள் நீதி செய்கிறதா என்ற வினாவை அது எழுப்புகிறது.

உபாலியின் கதை

பகிடிவதைக்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயங்களை எள்ளி ஒதுக்காது ஆராய்தல் முறையாகும். அவற்றுள் வலுவானது சமத்துவம் பற்றிய வாதமாகும். கொழும்பின் பெரிய கல்லூரிகளிலிருந்து வரும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே விடுதியில் நுழைகின்றனர். முன்னவனின் செருக்கு உடையாவிடில் பின்னவன் தலைநிமிர முடியாது. எல்லோரையும் ஒருங்கே தாழ்த்தினால் எல்லோரும் சமமாவர் என்பது அவ்வாதம். வர்க்க வேறுபாடு மிக்க ஒரு நாட்டில் இதன் கவர்ச்சி விளங்கிக்கொள்ளக்கூடியதே.

இவ்வாதத்தை எடைபோட மாத்தளையே ஓர் அளவுகோலைத் தருகிறது. நகருக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அவற்றுள் ஒன்றாகிய விநயபிடகம் பிக்குகள் கூடிவாழ்வதற்குரிய ஒழுக்க விதிகளைக் கூறுவது. அதிலே ஒரு கதை வருகிறது. சாக்கிய அரசகுமாரர் அறுவர் துறவு பூண வந்தனர்; அவர்களோடு நாவிதனாகிய உபாலியும் வந்தான். சங்கத்தில் முந்தித் துறவு பூண்டவரே மூத்தவர். பின்வந்தோர் அவரை வணங்குதல் வேண்டும். சாக்கியராகிய தம் குலச்செருக்கு ஒழியவேண்டும் என்று கருதிய குமாரர்கள், உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு புத்தரை வேண்டினர். அவ்வாறே நிகழ, அரசகுமாரர் நாவிதனை வணங்கினர். புத்தர் மறைந்தபின் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை ஓதியவர் அந்த உபாலியே.

இங்கும் செருக்கு உடைகிறது. இங்கும் மூப்பு முறை உண்டு. இங்கும் வணக்கம் உண்டு. பகிடிவதையின் ஆதரவாளர் வேண்டுவன யாவும் இங்குள்ளன. ஆயினும் ஒன்று தலைகீழாக உள்ளது. குமாரர்களை எவரும் பணித்தாரில்லை, அவர்களே பணிந்தனர். உயரத்தில் நின்றவர் தாமே இறங்கினர். தாழ்வில் நின்றவர் அதனால் உயர்ந்தார். பகிடிவதையிலோ அதிகாரம் உடையவர் எள்ளளவும் இறங்குவதில்லை; அதிகாரம் அற்ற புதியவரே இன்னும் கீழே தள்ளப்படுகிறார். பணிதல் அறம், பணித்தல் ஆதிக்கம். பணிவு ஒருவர் தாமே ஏற்கும் நிலை. பிறர் சுமத்தும்போது அதே நிலை இழிவாகிவிடுகிறது. பிறரைக் கொண்டு ஒருவருக்குப் பணிவைக் கற்பிக்கலாம் என்பது, பிறரைக் கொண்டு ஒருவர் உண்ணாநோன்பு நோற்கலாம் என்பது போன்றதே. வலிந்து பட்டினி போடப்பட்டவர் நோன்பியாகார்.

மேலும், எல்லோரையும் தாழ்த்தும் முறை எல்லோரையும் ஒரே அளவில் தாழ்த்துவதுமில்லை. செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்புத் துணையுண்டு. நகரில் உறவினர் வீடு உண்டு. வேண்டாமெனில் வெளிநாட்டிலோ தனியார் கல்வி நிலையத்திலோ இடமுண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குத் திரும்பிச் செல்லும் வழி ஒன்றே. சமத்துவத்தின் பெயரால் நிகழும் வதையில் மிகுதியாக வதைபடுவோர் எளியோரே.

ஒற்றுமை வளர்கிறது என்பது இரண்டாவது வாதம். ஒன்றாகத் துன்புற்றவர்களிடையே நெருக்கம் உண்டாதல் உண்மையே. ஆனால் வெள்ளத்தில் சிக்கியவர்களிடையேயும் அந்நெருக்கம் உண்டாகிறது. அதன்பொருட்டு எவரும் அணையை உடைப்பதில்லை. ‘நாமும் பட்டோம், அவர்களும் படட்டும்’ என்பது மூன்றாவது வாதம். இதுவே மனத்தின் ஆழத்திலிருந்து எழுவது. எனவே கூர்ந்து நோக்குதற்குரியது. தாம் பட்ட இழிவை ஒரு கடனாக மனத்தில் எழுதிவைத்து, அதனைக் கொடுத்தவரிடம் வசூலிக்க இயலாமையால், அடுத்த ஆண்டு வரும் புதியவரிடம் வசூலிப்பதே அதன் உட்பொருள். கடன் பெறாதவர் கடன் இறுக்கிறார். தோட்டத்தில் ஒழிந்த துண்டு முறை, பாட்டன் தலைமுறை கிழித்தெறிய முடியாது தவித்த அந்தக் காகிதம், கற்றவர் நிறைந்த விடுதிகளில் எழுதாக் காகிதமாக அணிக்கு அணி கைமாறுகிறது. இதனைக் கிழிப்பதற்கு ஓரணியினர் தமக்கு வரவேண்டியதாக எண்ணும் கணக்கை வசூலிக்காது விட்டாலே போதும்.

சட்டத்தின் எல்லை

1997 இல் நேர்ந்த இழப்புக்களைத் தொடர்ந்து இலங்கைப் பாராளுமன்றம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் அச்சட்டம், பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரையும் கடூழியச் சிறை விதிக்க இடமளிக்கிறது. உடற்காயத்தை மட்டுமன்றி உளக்காயத்தையும் மனவேதனையையும் அச்சத்தையும் அது கருத்திற் கொள்கிறது. மாணவரை மட்டுமன்றிக் கல்வி நிறுவனப் பணியாளரையும் காக்கிறது. சட்டம் என்ற வகையில் அது குறைவுடையதன்று. ஆயினும் அது வந்த பின்னரும் மரணங்கள் நிகழ்ந்தன. மாணவர் படிப்பைக் கைவிட்டுச் சென்றனர்.

சட்டம் முறைப்பாட்டுக்காகக் காத்திருப்பது. முறைப்பாடு செய்ய வேண்டியவரோ அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளை அதே விடுதியில், அதே மூத்தவர்களிடையே கழிக்க வேண்டியவர். காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் வதையினும் கொடிய தண்டனையாக அமைகிறது. ஆகவே சட்டம் பயன்படுவதற்குச் சட்டத்துக்கு வெளியே ஒன்று வேண்டும். தான் பேசினால் தன்னுடன் நிற்பவர் உண்டு என்ற நம்பிக்கையே அது. அந்நம்பிக்கையை அளிக்கக் கூடியவர்கள் விரிவுரையாளரும், வதையில் பங்குகொள்ளாது வாளாவிருக்கும் பெரும்பான்மை மாணவருமே. வதைப்போர் எங்கும் சிலரே. அவர்களுக்கு வலிமை தருவது மற்றவர்களின் மௌனம்.

இருவழிக் கடமை

விரிவுரையாளரின் பொறுப்பு மௌனத்தைக் கலைப்பதோடு முடிவதில்லை. புதுமுக மாணவரை மூத்த மாணவர் நடத்தும் முறை, மாணவரை ஆசிரியர் நடத்தும் முறையின் நிழலாகவும் அமையக்கூடும். வினாவெழுப்பிய மாணவரை வகுப்பறையில் நகைப்புக்கு இடமாக்கும் ஆசிரியர், விடுதியில் இரவில் நிகழ்வதற்குப் பகலில் இலக்கணம் வகுக்கிறார். நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவருக்கு மட்டும் இலக்கணம் கூறவில்லை, ஆசிரியருக்கும் கூறுகிறது, ஆசிரியர் ஆகத் தகாதவர் யாவர் என்றும் வரையறுக்கிறது. தானாக வீழ்த்தினாலன்றிப் பிறர் ஏறிப் பறிக்க இடங்கொடாத பனையை அத்தகாதவருக்கு அது உவமையாக்குகிறது. அணுகவொட்டாத பெருமை அறிவின் அடையாளமன்று என்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது.

அலுவிகாரையில் எழுதப்பட்ட விநயம் இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. மாணவன் ஆசானுக்குச் செய்யும் பணிவிடைகளை விரித்துரைத்த பின்னர், ஆசான் மாணவனுக்குச் செய்ய வேண்டியவற்றையும் அது அதேபோல் விரித்துரைக்கிறது. மாணவன் நோயுற்றால் பல்துலக்கக் குச்சியும் முகங்கழுவ நீரும் ஆசானே கொணர்தல் வேண்டும்; இருக்கையை அவரே இடுதல் வேண்டும். ஆசான் பேசும்போது மாணவன் இடைமறித்தல் ஆகாது. ஆனால் ஆசானின் பேச்சுத் தவற்றின் எல்லையை அணுகுமாயின் மாணவன் அவரைத் தடுத்தல் வேண்டும். மரியாதை என்ற சொல்லின் பழைய பொருளாகிய வரம்பு இங்கே முழுமை பெறுகிறது. அது கீழிருப்பவருக்கு மட்டும் இடப்பட்ட வரம்பன்று. இருபாலாரையும் காக்கும் வரம்பு.

இதிலிருந்து மற்றுமொரு தெளிவு பிறக்கிறது. மாண்பைப் பேணுதல் என்பது கருத்து முரண்பாட்டைத் தவிர்த்தலன்று. ஒரு மாணவரின் கட்டுரையில் உள்ள பிழையைக் கண்டிப்பது அவரை இழிவுசெய்வதன்று. அவரால் இதனினும் சிறப்பாகச் செய்ய இயலும் என்று மதிப்பதாகும். அவரது பேச்சின் சாயலை, ஊரை, சாதியை, சமயத்தை, உடையைச் சுட்டி நகைப்பதே இழிவு. முன்னது அவர் திருத்திக்கொள்ளக் கூடியது பற்றியது. பின்னது அவரையே பற்றியது. பேராசிரியரின் கொள்கையை மாணவர் மறுப்பதும் அவ்வாறே. மறுப்புக்கு இடமற்ற மரியாதை அச்சத்தின் வேறு பெயராகும்.

மாண்பு நாள்தோறும் சோதிக்கப்படுவது சிறிய செயல்களிலேயே. தமிழிலே முன்னிலைச் சொற்கள் மூன்று: நீ, நீர், நீங்கள். எவரை எவர் எச்சொல்லால் விளிக்கிறார் என்பதைக் கொண்டே ஒரு நிறுவனத்தின் உள்ளமைப்பை அறிந்துவிடலாம். துணைவேந்தரை ‘நீங்கள்’ என்று விளிக்கும் நா, விடுதியைக் கூட்டும் முதியவரை எவ்வாறு விளிக்கிறது? சிங்கள மாணவரின் பெயரைத் தமிழ் மாணவரும், தமிழ் மாணவரின் பெயரைச் சிங்கள விரிவுரையாளரும் பிழையின்றி ஒலிக்க முயல்கின்றனரா? முஸ்லிம் மாணவியின் உடையும் மலையக மாணவரின் சொல்லும் எவருக்கும் விளக்கம் கூறவேண்டாதபடி இருக்கின்றனவா? இவ்வினாக்களுக்குச் சட்டத்தில் விடையில்லை, பழக்கத்திலேயே விடையுண்டு.

சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் மாத்தளையின் மண்ணிலே இரு நினைவுகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, விலையாக எழுதப்பட்ட மனிதர் நடந்துவந்த பாதை. மற்றது, கூடிக்கற்போர் ஒருவரையொருவர் பேண வேண்டிய முறையை ஏட்டில் எழுதிய குகை. எந்தப் பல்கலைக்கழகமும் இவ்விரண்டில் ஒன்றையே தொடர முடியும். எதனைத் தொடர்கிறது என்பதைப் பட்டமளிப்பு விழா மேடையில் அறிந்துகொள்ள இயலாது. ஆண்டுதோறும் புதிய அணி வாயிலில் வந்து நிற்கும் அந்த முதல் நாளில், மூத்தவர்கள் அவர்களைத் தம்முன் பணிக்கிறார்களா, அவர்களுடைய பெட்டியைத் தூக்கத் தாமே குனிகிறார்களா என்பதில்தான் அது அறியப்படும். குனிபவர் சிறுமையடைவதில்லை. உபாலியை வணங்கிய அரசகுமாரர்களும் சிறுமையடையவில்லை.